ஏழாம் நாள் விதி

வால்டிவியாவில் விடாமல் மழை பெய்த ஜூன் மாதம்
அந்த விதியை எழுதியவள் நான்தான்.
ஏழு நாள் பாடத்தைத் திறக்காதவருக்குக்
காலை ஒன்பது மணிக்கு ஒரு செய்தி:
உங்களைக் காணோமே! விட்டுவிடாதீர்கள்!
ஆச்சரியக்குறி ஒன்று போதும் என்றார் மேலாளர்.
இரண்டையும் விட்டுவைத்தேன்.

மூன்றாம் நாள் லேசாக ஒரு தட்டு,
ஏழாம் நாள் ஓர் உலுக்கல்,
அடியில்
கையால் எழுதியதுபோன்ற எழுத்துருவில்
மாரிசெல் என்று என் பெயர்.

நான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்திலும்
நாலாயிரத்து முந்நூறு பேரை
நலம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.
திறந்தவர் இத்தனை சதவீதம்,
திரும்பி வந்தவர் இத்தனை.
பச்சைக்கோடு ஏறிய வாரங்களில்
வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் எம்பனாடா.

இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்
என்று பொடியெழுத்தில் போட்டிருப்போம்.
அப்படியும் வரும் பதில்கள்
ஒரு பெட்டியில் போய் விழும்.
மார்ச்சில் சர்வர் மாற்றும்போது
அதைக் காலிசெய்யச் சொன்னார்கள்.

பெரும்பாலும் விடுமுறை அறிவிப்புகள்.
நான் ஊரில் இல்லை என்று
ஒரு இயந்திரம் இன்னொரு இயந்திரத்திடம்
மரியாதையாகச் சொல்லியிருந்தது.
அழித்துக்கொண்டே போனேன்.

நடுவில் எலூத்தேரியோ மமானி.
ஊர் கலாமா. தொழிற்சாலை மின்னியல், இரண்டாம் நிலை.
பதினோரு பதில்கள்.

மன்னிக்கவும் சென்யோரா, சுரங்கத்தில் இருந்தேன்.
ஏழு நாள் மேலே, ஏழு நாள் கீழே.
எங்கள் முகாமில் சிக்னல் கிடையாது.

மன்னிக்கவும், நேற்றுதான் இறங்கினேன்.

விடவில்லை. குளித்துவிட்டு உட்காருகிறேன்.

நான்காவதில் சொல் இல்லை, ஒரு படம்:
கட்டம்போட்ட நோட்டில் பென்சிலால் ஒரு மின்சுற்று,
ஓரத்தில் கட்டைவிரல், நகத்துக்குள் கறுப்பு.
ஐந்தாவதில் விளக்கம்:
தலைவிளக்கின் வெளிச்சத்தில் படுக்கையில் வரைந்தது.
இது கணக்கில் சேருமா?

சேராது.
திரையில் தொட்டது மட்டுமே சேரும்.

ஏழாவதில் கோபம் கொஞ்சம் எட்டிப்பார்த்தது.
காணோமே என்கிறீர்கள்.
எங்கே இருப்பேன் என்று
சேர்ந்த அன்றே படிவத்தில் எழுதினேனே,
வேலை நேரம் என்ற கட்டத்தில்.

போய்ப் பார்த்தேன். எழுதித்தான் இருந்தார்.
அந்தக் கட்டத்தை வைத்தவளும் நான்தான்;
அதைப் படிக்க
எந்த விதியிடமும் சொல்லவில்லை.

பதினொன்றாவது, நவம்பர்:
மாரிசெல் என்பவள் யார் என்று
என் மனைவி சாத்தூர்னினா கேட்கிறாள்.
நான் மலையிறங்கும் நாளெல்லாம்
சரியாக அன்றைக்கே
காணோமே என்று தேடுகிறாளாம்.
பள்ளிக்கூடம் என்றேன். நம்பவில்லை.
அவளுக்கு ஒரு வரி எழுத முடியுமா?

வாய்விட்டுச் சிரித்தேன்.
பக்கத்து மேசைக்காரர் என்னவென்று கேட்டார்.
சொல்ல வாயெடுத்தபோது
அட்டவணையில் அவர் பெயர் கண்ணில் பட்டது.
நவம்பரிலேயே செய்திகளை நிறுத்தியிருந்தார்.
நிலை: விலகியவர்.
காரணம்: ஆர்வமின்மை.
காரணத்தை நிரப்புவதும் ஒரு விதிதான்.
அதை எழுதியவள் யார் என்று
இனியும் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் தபால் நிலையத்துக்கு நடந்தேன்.
குடையைத் திருப்பிவிட்டது காற்று.
சாத்தூர்னினா அம்மையாருக்கு,
உங்கள் கணவரை நான் தேடியதில்லை.
தேடியிருக்க வேண்டும்.
அதற்குமேல் என் வேலையை விளக்க
இரண்டு தாள் வீணாயிற்று.

விதியையும் திருத்தினேன்,
வேலை நேரத்தைப் படித்துவிட்டுப் பேசும்படி.
பச்சைக்கோடு சற்றே இறங்கியது.
அந்த வெள்ளிக்கிழமை வெறும் தேநீர்.

மே மாதக் கடைசியில் ஒரு உறை வந்தது.
உள்ளே நோட்டிலிருந்து கிழித்த தாள்,
இரண்டே வரி, அவள் கையெழுத்து:

சரி, நம்புகிறேன்.
ஒன்பதாம் பாடத்துப் படத்தில்
நியூட்ரல் கம்பி விட்டுப்போயிருக்கிறதாம், சொல்லச் சொன்னார்.

திறந்து பார்த்தேன்.
விட்டுத்தான் போயிருந்தது.