நகல் எடுக்க இரண்டு ரூபாய்

பள்ளிக்கூட கேட்டுக்கு நேரெதிரே என் கடை.
ஜெராக்ஸ், கிராப் ஷீட், ரெக்கார்டு நோட்டு,
ஸ்கெட்ச் பேனா, ஒயிட்னர்.
முதுநகரில் மீன் லாரிகளுக்கு ஒதுங்கி நடந்துவரும் பிள்ளைகளுக்குப்
பத்து வருஷமாக நான் கடையக்கா.

ஜூனில் மேலேயிருந்து வந்த உறுதிமொழியை
அறுநூறு நகல் எடுத்ததும் நான்தான்.
மெஷின் சூடேறி இரண்டு முறை நின்றது.
மறுநாள் பிரேயரில் வலக்கை நீட்டி
தொடமாட்டோம் தொடமாட்டோம் என்று அவர்கள் சொன்னது
தெருமுனை வரை கேட்டது.
மத்தியானம் அதில் ஒரு தாள்
மிக்சர் எண்ணெய் ஊறி
என் படியில் கிடந்தது.

அப்புறம் ஒருநாள் சபீனா வந்தாள், ஒன்பதாவது.
"இருக்கறதிலயே பெரிய சார்ட் கொடுங்கக்கா.
மண்டையோடு வரைஞ்சது போதும்,
நீங்க நடக்கிற தெருவ வரைங்கன்னுட்டாங்க
தமிழ்வாணி மிஸ்."

மூன்று சனிக்கிழமை அலைந்தார்கள்.
ஐஸ் பேக்டரியின் பின்சுவர்,
துறைமுகத்தில் கவிழ்த்த படகுகளின் நிழல்,
பஸ் ஏறிப் போய் ஆல்பேட்டை,
பாலத்துக்கு அந்தப் பக்கம் பாண்டி விலையில் குடித்துவிட்டு
இந்தப் பக்கம் வந்து விழுகிறவர்களின் புளியமரம்.

வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டம்.
என் மகன் ஏழாவது, அதனால் எனக்கும் ஒரு நாற்காலி.
ஏட்டு பேசினார். மைக் கீச்சிட்டது.
மீன் ஏலம் விடும் செம்பாயி எழுந்து,
"எம்புள்ள எங்க நிக்கிறான்னு எனக்குத் தெரியும் சார்,
வேற எங்க போய் நிப்பான், அதச் சொல்லுங்க" என்றாள்.
ஏட்டு தண்ணீர் குடித்தார்.

பிறகுதான் வரைபடத்தை விரித்தார்கள்.
சிவப்பு, கிடைக்கிற இடம்.
பச்சை, வாய்விட்டுச் சொல்லலாம் என்கிற இடம்.
பச்சை மொத்தமே நாலு.
தலைமையாசிரியர் அறைக்கு எந்த நிறமும் இல்லை.
அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

என் கடை மேல் சிவப்பு.

"நான் விக்கிறது எழுதுற சாமான்டா!"
சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது.
எட்டாவது வெற்றிவேந்தன் மெதுவாகத்தான் கேட்டான்:
"வாரத்துக்கு அஞ்சு ஒயிட்னர் வாங்கறவன்
எத்தன தப்பு எழுதுவான்க்கா?"

தெரியும் எனக்கு.
சில்லறை சரியாகத் தருவான்.
கைக்குட்டை எப்போதும் ஈரம்.
முகத்தைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.
கணக்கு நோட்டில் இருக்கிறது, தேதியோடு.

சபீனா சொன்னாள், "கிட்ட வந்து பாருங்கக்கா."
சிவப்பு வளையத்துக்குள்ளே
கடுகு அளவில் ஒரு பச்சை.
"தலை சுத்துதுன்னு ஒருநாள் உங்ககிட்டதான் சொன்னானாம்.
உக்கார வெச்சுத் தண்ணி கொடுத்தீங்களாம்."

எனக்கு ஞாபகமே இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு நாற்பது நகல் கேட்டார்கள்.
என் மெஷினுக்குக் கறுப்பு ஒன்றுதான் தெரியும்.
சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக வந்து விழுந்தன.
ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஒவ்வொரு தாளிலும் கையால் நிறம் வைத்தேன்.
பன்னிரண்டாவது தாளில் பச்சை காய்ந்துவிட்டது.
விற்பனைக்கு வைத்த பேனாவில் ஒன்றைப் பிரித்தேன்.

திங்கட்கிழமை அவன் வந்தான்.
காசை மேசையில் வைத்தான்.
"இல்ல" என்றேன்.
அவனுக்குப் பின்னால் சுவர்க்கடிகாரம்,
எனக்குப் பின்னால் அலமாரி,
அதில் வரிசையாக இருப்பது அவனுக்குத் தெரிந்தது.
காசை எடுக்கவும் இல்லை, போகவும் இல்லை.

"நகல் எடுக்கணுமா?"
"இல்ல."
கொஞ்ச நேரம் கழித்து,
"சும்மா நிக்கலாமாக்கா?"

வண்டி போக வழி விட்டு
இப்படி உள்ளே தள்ளி நில்லு
என்றேன்.