சுழற்று(படம், கோணம்)

முதல் வரியை நான்கு முறை அழித்தேன்.
'இந்தக் கருவி படத்தைச் சுழற்றும்.'
உண்மைதான், போதாது.
படிப்பவர் மனிதர் என்றால்
மீதியை அவரே ஊகித்துக்கொள்வார்.
நீ ஊகித்தால்தான் எனக்குப் பயம்.

காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலையின் மாடி, ஜூன்.
கீழே எடைமேடைக்குக் காத்து
பெங்களூரா ஏற்றிய லாரிகள்
நெடுஞ்சாலை வரை நிற்கின்றன.
விசிறியைக் கூட்டினால்
புளித்த சாற்றின் வாடையும் கூடுகிறது.

கோணம்: முழு எண். 90, 180, 270 மட்டும்.
கடிகாரம் சுற்றும் பக்கம் என்று எழுதலாம்,
நீ கடிகாரத்தை எங்கே பார்த்திருக்கப் போகிறாய்.
'கோயிலை வலம்வரும் திசை' என்று எழுதினேன்.
ஆனால் அங்கே கோயில் அசையாது, ஆள் சுற்றுகிறார்.
இங்கே படம் சுற்றுகிறது, ஆள் அசைவதில்லை.
அதையும் அழித்தேன்.
'90 என்றால் படத்தின் மேல்விளிம்பு
வலப்புறம் போய் நிற்கும்.'
இது இருக்கட்டும்.

எங்களுக்கு இந்தக் கருவி பிறவியிலேயே உண்டு,
கழுத்து என்று பெயர்.
ஓட்டுநர் அனுப்பிய சீட்டு படுத்துக் கிடந்தால்
கணக்கர் தீர்த்தகிரி தலையைச் சாய்ப்பார்,
கையில் இருக்கும் டீ சிந்தாது.
அவருக்கு யாரும் ஆவணம் எழுதித் தந்ததில்லை.

உனக்கு எழுத நேர்ந்தது
போன வியாழக்கிழமையால்.
சந்தூர் சென்னம்மா வாசலுக்கு வந்துவிட்டார்.
ஏற்றியது எண்பத்தொன்பது கிரேட்,
பணம் வந்தது அறுபத்தெட்டுக்கு.
டேப்லெட்டில் காட்டினேன்:
பாருங்கம்மா, 68 தானே.
படமும் அப்படித்தான் சொன்னது,
சந்தேகமே இல்லாத நீல மையில்.
அவர் வாங்கித் தலைகீழாய்த் திருப்பினார்.
படமும் கூடவே திரும்பிக்கொண்டு 68 என்றது.
மறுபடி திருப்பினார். மறுபடி 68.
மேசைமேல் மல்லாத்தி வைத்துவிட்டு
எதிர்ப்பக்கம் போய் நின்றார்.
"இப்டி வந்து பாரு."

மேசையைச் சுற்றிப் போனேன்.

சீட்டு எழுதியவர் நீட்டியிருக்கிறார்,
எதிரே நின்ற ஓட்டுநர் வாங்குமுன்பே படமெடுத்திருக்கிறார்.
கட்டைவிரல் மேலிருந்து இறங்கியிருந்தது.
எண்ணுக்கு அடியில் இழுத்த கோடு
தலைக்குமேல் இருந்தது.
இரண்டையும் நீ பார்த்தாய், பதிவில் இருக்கிறது:
'விரல் ஒன்று. கோடு ஒன்று. எண் தெளிவு.
சுழற்றத் தேவையில்லை.'

ஆகவே, எச்சரிக்கை.
0, 1, 6, 8, 9 இவை மட்டுமே உள்ள சீட்டைத்
தெளிவாக இருக்கிறது என்பதாலேயே நம்பாதே.
180 சுழற்றி இன்னொருமுறை வாசி.
அப்போதும் ஓர் எண் வந்து, அது வேறாக இருந்தால்
நிறுத்து. ஆளைக் கூப்பிடு.
(69 எப்படிப் பிடித்தாலும் 69தான்.
அதில் உன் திறமை ஒன்றும் இல்லை.)
திருப்பிய படத்தை மூலப்படத்தின் மேல் சேமிக்காதே.
யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்கு
அது ஒன்றுதான் சாட்சி.

இருபத்தொரு கிரேட் பாக்கியை
எந்தப் பத்தியில் எழுதுவது என்கிறார் தீர்த்தகிரி.
அழுகலுக்குப் பத்தி உண்டு, எடைக்குறைவுக்கு உண்டு,
காம்பு ஒடிந்து பால் வடிந்ததற்குக்கூட உண்டு.
அவர் பேனா மூடியைக் கடித்தபடி இருக்க
பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட சென்னம்மா
படியிறங்கும்போது சொன்னார்,
"நம்பர் எதுக்கு, எழுத்தால எழுதச் சொல்லு."

ஆவணத்தில் அதற்கு இடமில்லை. ஆனாலும்
திங்கள்கிழமை சந்தூரிலிருந்து வந்த சீட்டில்
எண்ணே இல்லை.
படுக்கைவசமாக, கோணல் கையெழுத்தில்,
'எழுவத்தி மூணு.'
நீ 90 சுழற்றினாய். சரி.
கோடு அடியில் வந்ததா என்று பார்த்தாய். சரி.
பிறகு நின்று என்னைக் கேட்டாய்:
'எழுவத்தி என்பது எழுபதா?'

ஆமாம்.
அதற்குத் தனியாக எழுதவேண்டும்.