கச்சேரியில் ஒரு மணிநேரம்

பன்னிரண்டு அடித்தது.
மைக்கூட்டை நிரப்பி வைத்தேன்.
புது நிப்பு இரண்டு, ஒற்றுத்தாள், அரக்கு.
வேட்பாளருக்கென்று ஆறு கதிரைகள், துடைத்தாயிற்று.
துரை மணிக்கூட்டைப் பார்த்தார்.
நான் துரையைப் பார்த்தேன்.
பியோன் செல்லப்பர் எங்கள் இருவரையும் பாராமல்
பங்கா இழுத்தார்.

முப்பத்தொராம் ஆண்டு. சோளகம் தொடங்கியிருந்தது.
வேலிக்கு வெளியே கதர் போட்ட பொடியள்.
கூச்சல் இல்லை, மறியல் இல்லை;
ஆர் போறியளெண்டு பாப்பம் என்ற சிரிப்பு மட்டும்.
முன்வரிசையில் என் தம்பி.
நேற்றிரவு எரிப்பதற்கு என் மல்வேட்டியைக் கேட்டவன்.
கொடுக்கவில்லை.
கந்தோருக்குக் கட்ட அது ஒன்றுதான் இருந்தது.

பன்னிரண்டே கால்.
புளியமரத்தின் கீழ் ஒரு மோட்டார் கார்
நின்றது; இயந்திரம் நிற்கவில்லை.
உள்ளே பிறக்கிராசியார் தில்லைநாதர்.
சட்டைப் பைக்குள் நியமனப் பத்திரம்.
பிழை பார்த்துக் கொடுத்ததே நான்தான்.
போன கிழமை மேடையில்
"அரைகுறைச் சுதந்திரம் எச்சில் இலை" என்று முழங்கினவர்.
தட்டிய கைகளில் இரண்டு என்னுடையவை.

இடாப்பு எழுதச் சைக்கிளில் திரிந்த நாட்கள்.
இருபத்தொரு வயசு நிரம்பின ஆணும் பெண்ணும்.
விதானையார் மூக்கைச் சுழித்தார்:
"இதுகளின்ரை பேரையுமோ?"
"சட்டம், ஐயா."
வடலிக்குள் ஒரு குடில். மனிசன் பனையில்.
அவள் கீழே நின்று முட்டி கழுவினாள்.
"பேர்?"
"கதிரி."
"வயசு?"
"முதல் ரயில் வரேக்கை பால்குடியாம், நயினார்."
இருபத்தொன்பது என்று எழுதினேன்.
"வரி வருமோ?"
"வரி இல்லை. வாக்கு."
முட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.
"வாக்குக் குடுத்தா மாறக்கூடாதே.
ஆளை அறியாமல் எப்பிடிக் குடுக்கிறது?"
மறுமொழி சட்டப் புத்தகத்தில் இல்லை.
இலக்கம் நூற்றுப் பதினேழு, கதிரி.
அதற்கு மேலே நூற்றுப் பதினாறு, கதிராசிப்பிள்ளை,
விதானையாரின் தாயார்.
அகரவரிசைக்கு விவஸ்தை கிடையாது.

பன்னிரண்டே முக்கால்.
கார்க் கதவு திறந்தது.
பளபளத்த சப்பாத்து ஒன்று மண்ணில் ஊன்றியது.
தம்பி கைகூப்பினான்.
"வாருங்கோ அண்ணை" என்றான். அவ்வளவுதான்.
சப்பாத்து உள்ளே போய்விட்டது.

ஒன்று.
வேலிக்கு வெளியே வானம் இடிந்தது.
எனக்கும் மயிர் சிலிர்த்தது, பொய் சொல்லக்கூடாது.
ஆறு வெறுங்கதிரைகளுக்கு முன்னால்
ஒரு சாம்ராச்சியம் எச்சில் விழுங்கியதைக்
கிட்ட இருந்து பார்த்தவன் நான்.
பதிவேட்டில் எழுதினேன்: எவருமிலர்.

கொழும்பிலிருந்து பெயின்ற் வந்திருந்தது.
எழுத்தறியாதவருக்காகப் பெட்டிக்கொரு நிறம்.
பச்சை, துரையின் படலைக்குப் போனது.
மஞ்சளைச் செல்லப்பர் கொண்டுபோனார், நான் காணவில்லை.
சிவப்பு தகரத்துக்குள்ளேயே தோல் பிடித்தது.

ஆனியில், பெரியகடையில்,
பனங்கட்டிக் கடகத்துக்கு முன்னால் குந்தியிருந்தவள்
என்னை அடையாளம் பிடித்தாள்.
"நயினார், அந்த வாக்கு எப்ப?"

தம்பி பக்கத்தில் நின்றான்.
சமபந்தியில் அவள் புருஷனுக்கு அருகில் இருந்து உண்டவன்;
அதற்காக மூன்று நாள்
எங்கள் கிணற்றடிக்கு வராதே எனப்பட்டவன்.
சொல்ல நிறைய வைத்திருந்தான்.
முழுச் சுதந்திரம் என்றான், வெள்ளைக்காரனின் சூழ்ச்சி என்றான்,
நாளைக்குத் தெற்கும் எங்கள் வழிக்கு வரும் என்றான்.
வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு
முழுவதும் கேட்டாள்.

"ஓம் சின்ன நயினார், நல்ல விசயம்தான்.
ஆனா என்னை ஆரும் கேக்கேல்லையே."

இரண்டு குட்டான் வாங்கினோம்.
காசை அவள் கையில் கொடுக்கப் போனான் தம்பி.
அவள் பழக்கத்தில் நிலத்தைக் காட்டினாள்,
அங்கே வைக்கச் சொல்லி.