பெப்ரவரி மட்டும்

நாரஹேன்பிட்டி, ஒன்பதாம் மாடி.
குளிரூட்டிச் சத்தத்துக்கு மேலாகப் பேசும்படி
வீரக்குட்டியிடம் மைக்கைத் தள்ளினேன்.
அவர் அதைத் தொடவில்லை.
காட்டில் மாடு கூப்பிடுகிற குரலில் தொடங்கினார்.
காவலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

என் வேலை இரண்டு பாஷைக்கு நடுவே நிற்பது.
ஒரு நாளைக்கு நாலாயிரம், மத்தியானச் சோறு தனி.

'மேய்ச்சத்தரை' என்றார்.
'தணபிம' என்றேன்.
சொல்லி முடிக்கும்போதே தெரிந்தது,
என் சொல்லில் புல் இருந்தது,
மாடு இல்லை.
கோப்பில் அதற்கு முன்பே வேறொரு சொல் ஏறியிருந்தது:
பயன்படுத்தப்படாத காணி.
அதைத் திருத்துவது என் வேலையில் சேராது.

உறுதி இருக்கிறதா என்று கேட்டார்கள்.
அனுமதிப்பத்திரம்? வரைபடம்? வேலி?
"வேலி போட்டா அது மேய்ச்சத்தரையா?"
பின்வரிசையிலிருந்து கோணாமணி சொன்னது
பதிவில் ஏறவில்லை.
கேள்வி அவளிடம் கேட்கப்படவில்லை.

வீரக்குட்டி என் பேனையை வாங்கி
நிகழ்ச்சிநிரலின் பின்பக்கத்தில்
தன் பட்டியின் குறியைக் கீறினார்:
ஒரு வளைவு, அதன் வயிற்றில் ஒரு புள்ளி,
இடத்தொடையில் சுடுவது.
"இருநூற்றுப் பதினாறு மாட்டில இது கிடக்கு.
வந்து எண்ணுங்க."
எண்ணிக்கையை மட்டும் மொழிபெயர்த்தால் போதும் என்றார் தலைவர்.

பிறகு படங்கள்.
ஏழாவதில் ஒரு நாகு, வாய்வெடி கடித்தது.
கீழ்த்தாடை இருந்த இடத்தை
எந்தப் பாஷையிலும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
குழுவில் இளையவள் ஒருத்தி
மூடியிருந்த தண்ணீர்ப் போத்தலை
மறுபடி மறுபடி மூடிக்கொண்டிருந்தாள்.

தேநீர் வந்தது. பால்மாத் தேநீர்.
வீரக்குட்டி ஒரு மிடறு குடித்துவிட்டுக்
கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தார்.
"இந்தப் பால் தந்த மாடு எங்க மேயுது?"
கடலுக்கு அந்தப் பக்கம்,
பெட்டியில் ஒரு பச்சை மலை கீறியிருக்கும் என்றேன்.
"அந்த மலைக்கு உறுதி இருக்காமா?"
நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த அமர்வு பெப்ரவரி பன்னிரண்டு.
கதிரைகள் பின்னே தள்ளப்பட்டன.
அப்போதுதான் கேட்டார்:

"ஐப்பசியிலயே வயல் விதைச்சாச்சு.
மாட்டைக் கீழ இறக்கினா பயிரழிவு எண்டு தண்டம்.
மேல ஏத்தினா அத்துமீறல் எண்டு வழக்கு.
பெப்ரவரி மட்டும் நான் எங்க நிப்பாட்ட?"

நல்ல வாக்கியம். வினைகள் எல்லாம் உடனே கைக்கு வந்தன.
ஒன்றும் விடாமல் சிங்களத்தில் சொன்னேன்.
மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.
மேசை துடைக்க வந்த பெடியன் மட்டும்
ஈரத்துணியோடு நின்று கேட்டான்.
"எங்கட பக்கமும் உதே கதைதான்,
கரும்புக்கு எடுத்திட்டாங்கள்" என்றான்.
மொனராகலைக்காரன். அப்பா பட்டியை விற்றுவிட்டாராம்.

அதை வீரக்குட்டிக்குத் தமிழில் சொன்னேன்.
இதற்குக் கட்டணம் கிடையாது.
"எத்தினை மாடாம்?"
பதினொன்று.
"என்ன நிறம்?"

லிஃப்ட் இரண்டு தரம் வந்து
வெறுமையாய்த் திரும்பிப் போனது.