ஒரு தலை அதிகம்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு மேலே
தகரக்கூரை ஹாலின் மாடியறையில்
செவ்வாய், வியாழன், சனி
அலுவலகம் நடத்தக் கற்கிறேன்.
அலுவலகம்தான் இன்னும் அமையவில்லை.
இரண்டு பஞ்ச் மெஷின், ஒன்றுக்கு ஸ்பிரிங் கிடையாது.
கதவு சாத்தினால் மறுபடி திறந்துகொள்ளும்
பச்சை பீரோ.
இந்தக் குளிரில் முத்திரை மை பிடிப்பதில்லை,
வாயால் ஊதி ஊதித்தான்
'பெறப்பட்டது' என்று குத்துகிறோம்.

எஸ்தர் மிஸ் சொல்வார்:
வந்த கடிதத்துக்கு முதலில் நம்பர்,
அப்புறம்தான் கோபம்.
மினிட்ஸில் பேசியதை எழுதாதே,
முடிவானதை எழுது.
இது எனக்கு வரமாட்டேன் என்கிறது.
கெங்கரைப் பக்கம் எங்கள் லயத்தில்
பேச்சுக்குப் பஞ்சமில்லை,
முடிவானதாக ஒன்றும் நினைவில்லை.

ஃபீஸில் பாதிதான் கட்டினேன்.
மீதிக்குக் கீழே ஹால் வாசலில் டிக்கெட் கிழிக்கிறேன்.
ஒரு சனிக்கிழமை மேஜிக் ஷோ,
புறா மட்டும் உண்மை.
ஒரு சனிக்கிழமை குன்னூர்ப் பையன்களின் கிடார்.
மாதக் கடைசியில் பேச்சு.
பேச்சுக்கும் டிக்கெட், ஐம்பது ரூபாய்,
டீயும் வர்க்கியும் சேர்த்து.
வர்க்கிக்காக வருகிறவர்கள் உண்டு,
கடைசி வரை உட்கார்ந்து கேட்பவர்களும் அவர்களே.

போன சனிக்கிழமை 'மலையும் மண்சரிவும்'.
பேசியவர் கோயமுத்தூர்க்காரர்,
புது ஸ்வெட்டர்,
விலைச்சீட்டு கட்டிய நூல் இன்னும் காலரில்.
சரிவின் கோணம், மண்ணின் வகை,
திரையில் சிவப்பு வட்டம் போட்ட படங்கள்.
ஒரு வட்டத்தின் விளிம்பில்
எங்கள் லயத்துத் தண்ணீர்த்தொட்டி.
நான் பார்த்தேன். பார்த்துவிட்டு
அடிக்கட்டைகளை எண்ணினேன்.
போஜன் மாஸ்டர், அவர் சம்சாரம்,
பாதி டிக்கெட் இல்லையா என்று கேட்ட
நர்சிங் பெண்கள் பதினொருத்தி...
எல்லாமாக அறுபத்துமூன்று.

கேள்வி நேரத்தில் கடைசி வரிசையில் ஒரு கை.
கொழுந்துக் கறை ஏறிய விரல்கள்,
இடுப்பில் மழைப் படங்கு.
"அந்தச் செவப்பு ரவுண்டுக்குள்ளதாங்க
நாங்க படுக்கிறது.
இன்னிக்கு ராத்திரி எங்க படுக்க?"
நல்ல கேள்வி என்றார் அவர்.
தண்ணீர் குடித்தார்.
நல்ல கேள்வி என்றார் மறுபடியும்.
மைக் கீச்சிட்டது.
செயலாளர் நன்றி சொன்னார்.
டீ வந்தது.

கணக்கு முடிக்கையில்
டிக்கெட் அறுபத்துமூன்று, தட்டு அறுபத்துநான்கு.
ஒரு தலை அதிகம் என்றார் மிஸ்.
மழைக்கு ஒதுங்கினாங்க மிஸ் என்றேன்.
"ரிஜிஸ்டரில் மழைக்குக் கட்டம் இல்லை."
சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.
திட்டவும் இல்லை.
அந்த வரியை அடிக்காமல்
நோட்டை மூடி என்னிடமே தந்தார்.

மினிட்ஸ் எழுத உட்கார்ந்தேன்.
பொருள், பொறுப்பு, கெடு.
முடிவு என்று எதுவுமில்லை,
விதிப்படி பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும்.
நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாய்த்தபோது
ஹால் பெரிதாகத் தெரிந்தது.
அறுபது பேர் கால் நீட்டிப் படுக்கலாம்.
இதை யாரும் பேசவில்லை,
பேசியிருந்தாலும் முடிவாகியிருக்காது.

எட்டரைக் கடைசி பஸ்ஸில்
அவள் பக்கத்தில்தான் இடம்.
கண்டக்டர் இருவருக்கும் டிக்கெட் கிழித்தார்.
பெயர் கேட்டேன். ராக்காயி, மேல் லயம்.
வர்க்கி ஒன்றை முந்தானையில் முடிந்திருந்தாள்,
பேரனுக்காக இருக்கும், கேட்கவில்லை.
வளைவுகளில் இருவரும்
ஒரே பக்கம் சாய்ந்தோம்.

இன்று செவ்வாய்.
மூன்று ராத்திரி போயிருக்கிறது,
மழை விட்டபாடில்லை.
மிஸ் வருவதற்குள்
இன்வர்டு ரிஜிஸ்டரைத் திறந்து எழுதினேன்:
வரிசை எண் 212.
அனுப்புநர்: ராக்காயி, மேல் லயம்.
பொருள்: இன்று இரவு எங்கே படுப்பது.
பெறுநர் கட்டத்தில் பேனா நின்றது.
அப்புறம் ஹால் கமிட்டி என்று போட்டேன்,
அவர்களிடம்தான் சாவி இருக்கிறது.
முத்திரை மை பிடிக்கவில்லை.
மூன்று முறை ஊதினேன்.