பிரிவுகள்

உப்போடையில் ஒரு ரியூசன் கொட்டில்.
கரும்பலகையில் யாரோ சமப்படுத்தாமல் விட்டுப்போன
இரசாயனச் சமன்பாடு.
அதை அழிக்க மனமில்லாமல் பக்கத்தில்
ஐந்து கோடு இழுத்தேன்:
போட்டி. உலகப் பார்வை. குறும்படம்.
மீள்பார்வை. நள்ளிரவுக் காட்சி.

நள்ளிரவு சரிவராது என்றார் பார்த்தலோட்,
ஒன்பதரைக்குப் பிறகு கல்லடியில் ஆட்டோ கிடைக்காது.
அதனால் எங்கள் நள்ளிரவு
பின்னேரம் ஆறே முக்காலுக்குத் தொடங்கும்.

எழுபத்து மூன்று படம் வந்திருந்தது.
ஜோர்ஜியாவில் இருந்து ஒரு மலை,
வாய் திறவாமல் ஒன்றரை மணித்தியாலம்.
பொலிவியாவில் இருந்து உப்பு.
பாசிக்குடாவில் ட்ரோன் விட்டெடுத்த
பதினாலு சூரியோதயம்.
அதற்குப் பிரிவு இல்லை,
லாச்சி இருக்கிறது.

கதையா, ஆவணமா?
ஒவ்வொரு படத்தையும் மறித்துக் கேட்பான் குகநேசன்,
சுங்கத்தில் பெட்டி திறக்கிறவன் மாதிரி.
எங்கட பக்கத்தில் எந்த ஊர் என்று கேட்டால்
எழுவான்கரை, இல்லாட்டிப் படுவான்கரை.
நடுவில் கிடக்கிற தண்ணிக்கு
ஒருத்தரும் விலாசம் எழுதுவதில்லை.

நஸ்மிலாவின் படம் பதினொரு நிமிடம்.
குருமண்வெளித் துறையில்
ஒரு பிரிஜ் பாதையில் ஏறுகிறது.
(வெளியூர் நடுவருக்கு நான் சொன்னேன்:
பாதை என்றால் இங்கே மிதப்பது.)
கயிற்றோடு இரண்டு பேர்.
ஏறமாட்டேன் என்று நிற்கிற ஒரு ஆடு.
காசு வாங்குகிறவர் தலையைச் சொறிகிறார்,
பிரிஜுக்கு ஆள் கணக்கா, மோட்டார்சைக்கிள் கணக்கா?
அவ்வளவுதான். மண்டூர்க் கரை வரைக்கும் தண்ணி.

விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி,
முன்னர் எங்காவது திரையிடப்பட்டதா?
எல்லாரும் இல்லை என்றுதான் எழுதுவார்கள்.
அவள் எழுதியிருந்தாள்:
ஆம். போதனா வைத்தியசாலை, பன்னிரண்டாம் வாட்டு,
என்ட போனில்.
பார்வையாளர் ஒருவர். வாப்பா.
ஆறாவது நிமிடத்தில் கண்ணை மூடினார்.
மிச்சத்தை ஓடவிடவில்லை.

கொஞ்ச நேரம் பேன் மட்டும் சுற்றியது.

பிறகு விதி பேசத் தொடங்கியது.
முதற்காட்சி இல்லையெண்டா போட்டிக்கு எடுக்க ஏலாது.
ஒரு ஆள் பார்த்ததெல்லாம் காட்சியா?
ஏன் இல்ல, போன வருசம் தொடக்க விழாவுக்கே
ஒம்பது பேர்தானே, அதில நாலு பேர் நாங்க.
குகநேசன் பேனையை மூடித் திறந்து மூடி,
அப்ப ஆறு நிமிசம் பழசு,
அஞ்சு நிமிசம் புதுசு என்றான்.
பகிடிக்குத்தான் சொன்னான்.
நான் சோக்குக்கட்டியை எடுத்துவிட்டேன்.

நிகழ்ச்சி நிரல், நாலாம் பக்கம்:
மீள்பார்வை. பிரிஜ், முதல் ஆறு நிமிடம். பி.ப. 4.00
போட்டி. பிரிஜ், மிச்சம். உலக முதற்காட்சி. பி.ப. 4.06

அச்சகத்தில் இருந்து இரண்டு தரம் கோல் வந்தது,
இது பிழை விழுந்ததா, வேணுமெண்டு போட்டதா என்று.
நஸ்மிலாவிடம் இருந்து ஒன்றும் வரவில்லை.

அன்றைக்கு மாரி கொட்டிக்கொண்டிருந்தது.
மண்டபக் கூரைத் தகரம் படத்துக்குக் குறுக்கே பேச,
ஜோர்ஜிய மலை பார்க்க வந்த ஏழெட்டுப் பேர்
அப்படியே இருந்துவிட்டார்கள், குடை இல்லாமல்.
அவள் இருக்கவில்லை.
சுவிச்சுப் பலகைக்குப் பக்கத்தில்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

ஆடு ஏறியது. சனம் சிரித்தது.
கரை பின்னால் போய் ஒரு கோடானது.
முன்கரை இன்னும் தெரியவில்லை.
நடு வாவியில் அந்த வெள்ளைப் பெட்டி மட்டும்
நேராக நின்றது.
மணிக்கூட்டை நான் பார்க்கவில்லை.
அவள் கை சுவரைத் தேடியதைத்தான் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.
யாரென்று தெரியாத ஒரு மனிசன்,
குடையில் இருந்து தண்ணி ஒழுக,
ஊறிப்போன நாலாம் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு.
போட்டிப் படம் பார்க்க வந்திருக்கிறார், சரியான நேரத்துக்கு.

தொடங்கிட்டா தம்பி?

இப்பதான் என்றேன்.