நோக்கம்: மூன்று வரிகளுக்குள்

டுலூத்தில் பிப்ரவரி. ஏரி உறைந்து கிடந்தது.
காசு போட்டுத் துணி துவைக்கும் கடையின் பின்னறையில்
உலர்த்தி இயந்திரங்களின் சூட்டுக்காகக் கூடினோம்,
நான்கு பேர்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்லிஸ்
பதிவுப் படிவத்தை விரித்தாள்.
அமைப்பின் பெயர்: பிறகு பார்க்கலாம்.
பொருளாளர்: டெல்மர்.
நோக்கம், மூன்று வரிகளுக்குள்:
"பிள்ளைகளுக்குக் கத்தக் கற்றுக்கொடுப்பது"
எழுதினாள், அடித்தாள்.

அவள் பேருந்தில் ஒரு சிறுமி
வியாழக்கிழமைகளில் மட்டும்
ஒன்பதாவது நிறுத்தத்தில் இறங்க மாட்டாள்.
குளிருக்குச் சோம்பல் என்று
மூன்று வியாழன் நினைத்திருந்தாள் மார்லிஸ்.
அதற்கு மேல் அவள் சொன்னதில்லை.
நாங்கள் கேட்டதுமில்லை.

முதல் பாடத்தை
எங்கள் மேலேயே சோதித்துப் பார்த்தோம்.
தோளில் கை விழுந்ததும்
"வேண்டாம்" என்று கத்த வேண்டும்.
நான் கத்தினேன். வெண்டலின் கத்திவிட்டுச் சிரித்தாள்.

டெல்மருக்கு ஐம்பத்தெட்டு வயது.
இரும்புத்தாதுக் கப்பலில்
இருபது வருடம் புயலை மீறிக் கூவியவர்.
வாயைத் திறந்தார்.
காற்று வந்தது.
மறுபடி திறந்தார்.

உலர்த்தி நின்றது.
உள்ளே சுழன்றுகொண்டிருந்த யாருடைய பொத்தானோ
கடைசியாக ஒருமுறை தட்டி ஓய்ந்தது.

அப்போது வந்தது அந்தச் சொல்,
ஏழு வயதுக் குரலில்.

முன்கடையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தவர்கள்
நுனிகளைப் பிடித்தபடியே நின்றார்கள்.

மார்லிஸ் பேனாவை அவரிடம் நீட்டினாள்.
இரண்டு வரி எழுதினார்.
மூன்றாவதை
வெறுமையாகவே விட்டோம்.

பதிவுக் கட்டணத்துக்கு நான்கு டாலர் குறைந்தது.
கடைக்காரி
கால் டாலர் நாணயங்களாக எண்ணிக் கொடுத்தாள்,
எங்கள் முகங்களைப் பார்க்காமல்.